நிலுவையில் இருக்கும் ஃபைல்

உக்ரைன், காஸா செய்திகளைப் படித்துவிட்டு, "சர்வதேச சட்டம் என்று ஒன்று இன்னும் இருக்கிறதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பதில் தேட வெகுதூரம் போகவேண்டாம். கொழும்பில் கடை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ உண்டு. அந்த இலங்கையையே எடுத்துக்கொள்வோம்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்திலேயே குண்டு விழுந்ததையும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் அந்த அறிக்கை சேர்த்தே சொன்னது.

ஆனால் போர் முடிந்த பத்து நாளுக்குள், மே 27 அன்று, ஜெனீவா மனித உரிமைக் கவுன்சில் இலங்கை அரசைப் பாராட்டித் தீர்மானம் போட்டுவிட்டது. ஆதரவு 29, எதிர்ப்பு 12. ஆதரித்தவற்றில் சீனா, ரஷ்யா, கூடவே இந்தியாவும். உள்நாட்டு விவகாரத்தில் யாரும் தலையிடக்கூடாது என்பது வாதம்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் இலங்கை உறுப்பினர் இல்லை. பாதுகாப்புச் சபை வழக்கை அனுப்பலாம். அங்கே சீனா, ரஷ்யாவின் வீட்டோ காத்திருக்கிறது. அவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2003-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் அந்தச் சபையின் ஒப்புதல் இல்லாமல்தான் ஈராக்கில் நுழைந்தன. சட்டம் பேசியவர்களே மீறினால் மற்றவர்களுக்குக் கேட்கவா வேண்டும்?

அதற்காகச் சட்டம் செத்துப்போனது என்று நான் சொல்லமாட்டேன். ஆப்பிரிக்காவில் சாட் நாட்டை ஆண்ட ஹப்ரே 1990-இல் விரட்டப்பட்டார். அவருடைய ரகசியப் போலீஸின் ஃபைல்கள் 2001-இல் கிடைத்தன. 2016-இல் டக்கார் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 26 வருடம் ஆனது, ஆனாலும் நடந்தது.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது புரியும். 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிவிட்டால் ஃபைல் ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும். நிலுவையில் இருந்தால், என்றைக்காவது ஒருவர் பதில் எழுதியே ஆகவேண்டும். 2009-இல் மூடப்பார்த்த ஃபைலை, 2021-இல் அதே கவுன்சில் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் தீர்மானத்தால் நிலுவைக்குக் கொண்டுவந்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 11. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி முதல், காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு தாய்மார்கள் போராடுகிறார்கள். பதில் கிடைக்காமலே பலர் இறந்தும் போனார்கள். அடுத்த முறை வாக்கெடுப்பு வந்தால் இந்தியா ஒதுங்கக்கூடாது. ஃபைல் திறந்திருக்கட்டும் என்று கை தூக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் இதையும் கேட்போம்.