கரிசல் வீட்டுக்கு ஏற்ற கணினி

கணினி ஆர்வலர்கள் கூடுமிடத்தில், இனி வரவேண்டிய வீட்டுக் கணினியைப் பற்றிய பேச்சு தவறாமல் எழுகிறது. 2024 மே மாதம் மைக்ரோசாப்ட் அறிவித்த புதிய வகைக் கணினிகளுக்குக் குறைந்தது 16 ஜிபி நினைவகமும், செயற்கை நுண்ணறிவுக்கென நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளைப் போடும் தனிச் செயலியும் வேண்டும். ஆர்வலர்களின் ஆசை இதற்கும் மேலே செல்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் முதலில் கேட்பது வேகமன்று, ஆயுள்.

இங்கு கோடையும் கரிசல் புழுதியும் சேர்ந்தே வருகின்றன. கணினியைக் குளிர்விக்க வேண்டிய விசிறியே புழுதியை உள்ளே இழுக்கிறது. என் மகளின் மடிக்கணினி மூன்றாவது கோடையில் அடிக்கடி தானே அணைந்துபோயிற்று. திறந்து பார்த்தபோது, விசிறியின் வாயில் தூசி பஞ்சுத்திரிபோல் அடைத்திருந்தது. துடைக்கப் பத்து நிமிடமே ஆயிற்று. ரப்பர் பாதங்களுக்கு அடியில் ஒளிந்திருந்த திருகாணிகளைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு பகல் போயிற்று.

விசிறியே இல்லாத கணினி நடவாத கனவன்று. ஏழை நாடுகளின் பிள்ளைகளுக்காக 2007இல் உற்பத்திக்கு வந்த எக்ஸ்ஓ மடிக்கணினியில் விசிறியும் இல்லை, சுழலும் வன்தட்டும் இல்லை. திரையை வெயிலிலும் படிக்கலாம். அத்திட்டம் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. ஆயினும் பயனர் வாழும் இடத்தை எண்ணி வடிவமைத்த அந்த முறை சரியானதே. அண்டையிலுள்ள கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. அதே வெயிலில், மாடியில் வைத்த சிறு தகட்டைக் கொண்டு மின்னேற்றம் பெறும் வீட்டுக் கணினியை நாம் கேட்பது பேராசையா? மின்கலத்தையும் மறத்தல் ஆகாது. வெப்பத்தில் முழு மின்னேற்றத்துடன் கிடக்கும் லித்தியம் மின்கலம் விரைவில் நலியும். ஏற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி சில கணினிகளில் உண்டு; எல்லாவற்றிலும் இருத்தல் வேண்டும்.

இன்று கணினியின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் மென்பொருளே. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்போ, டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. கெடாத இயந்திரம் கெட்டதாகக் கணக்கில் எழுதப்படுகிறது. சோற்றுப் பருக்கையைக் காட்டி, வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், இதை மட்டும் கேள்வியின்றி ஏற்பானேன்? இத்தகைய பல கணினிகள் லினக்ஸை ஏற்றினால் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸில் தமிழிலும் பணிபுரியலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவி பரணில் கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை முயன்று பாருங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய தேவை ஒன்றும் உண்டு. தமிழ் இடமிருந்து வலமாகவும் அரபி வலமிருந்து இடமாகவும் செல்வன. தமிழ் வாக்கியத்தின் நடுவே ஓர் இறைவசனத்தை இட்டு, வசன எண்ணை அடைப்புக்குறிக்குள் எழுதினால், சில மென்பொருள்களில் எண் ஓரிடத்திலும் குறி வேறிடத்திலும் போய் நிற்கும். இருதிசை எழுத்துக்கான விதிகளை யூனிகோடு வகுத்து நெடுங்காலமாயிற்று. மென்பொருள் எழுதுவோர் தமிழையும் அரபியையும் சேர்த்துச் சோதிப்பதுதான் அரிது. ஆகவே மார்க்க வகுப்புக்குப் பாடம் தயாரிப்போர் அரபியைப் படமாக வெட்டி ஒட்டுகின்றனர். படத்தில் சொல்லைத் தேட முடியாது. பிழை நேர்ந்தால் திருத்தவும் முடியாது. இறைவசனத்தில் ஒரு புள்ளி மாறினாலும் பொருள் மாறக்கூடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அரபுத்தமிழில் முன்னோர் விட்டுச்சென்ற நூல்களைத் தட்டச்சு செய்ய முயல்வோரின் பாடு இன்னும் கடினம்.

அடுத்த முறை கணினிக் கடைக்குச் செல்லும்போது, எத்தனை ஜிபி என்று கேட்குமுன், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; மின்கலத்தைத் தனியே மாற்ற இயலுமா, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள். பிறகு அங்கேயே ஒரு தமிழ் வரியின் நடுவில் பிஸ்மில்லாஹ்வை அரபியில் தட்டச்சு செய்து பாருங்கள்.