அந்தப் பெண்மணி யார்?



உடல்நலக் கட்டுரை இடம்பெறாத பத்திரிகை இன்று அரிது. சர்க்கரை நோயாளி எதை உண்ணலாம், இரத்த அழுத்தத்திற்கு எது ஆகாது என்றெல்லாம் படிக்கிறோம். சிலவற்றைக் கத்தரித்துப் பத்திரப்படுத்தவும் செய்கிறோம். ஆயின் அவற்றை எழுதியவர் யார், எவ்வழியே இத்துறைக்கு வந்தார் என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்வி எத்துணை இன்றியமையாதது என்பதை, ரெபெக்கா ஸ்க்லூட் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

1972இல் பிறந்த இவர், கால்நடை மருத்துவராக விரும்பியவர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்றார். விலங்கு மருத்துவமனையிலும் நரம்பியல் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். பட்டப்படிப்பின்போது, பாடத்திட்டத்தின் ஒரு தேவையை நிறைவு செய்வதற்காகச் சேர்ந்த எழுத்துப் பயிற்சி வகுப்பு அவரது பாதையையே மாற்றிற்று. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலையில் முதுகலைப் பட்டம் பெற்றபின், பல பத்திரிகைகளுக்கும் சுதந்திரமாக எழுதலானார். தங்க மீனுக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் எழுதினார்; பார்வையற்றோருக்கு வழிகாட்டும் குட்டைக் குதிரைகளைப் பற்றியும் எழுதினார்.

எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது, பதினாறாம் வயதில் அவர் கேட்ட ஒரு கேள்வியே. ஆய்வுக்கூடங்களில் ஓயாது பெருகிவரும் 'ஹீலா' உயிரணுக்களைப் பற்றி உயிரியல் ஆசிரியர் பாடம் நடத்தினார். அவை ஹென்றியட்டா லேக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை என்றும் கூறினார். "அந்தப் பெண்மணி யார்? அவருக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று மாணவி வினவினார். ஆசிரியரிடம் விடை இல்லை. அவ்வேளையில் மாணவியின் தந்தையே நோயுற்று, புதிய மருந்தொன்றின் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தார். ஆய்வுக்கு உடலைத் தருபவனின் குடும்பம் படும் பாட்டை அவர் வீட்டிலேயே கண்டுகொண்டிருந்தார்.

ஹென்றியட்டா ஐந்து குழந்தைகளின் தாய். 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக, பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். சிகிச்சையின்போது அவரது கட்டியிலிருந்து ஒரு துணுக்கை, அவர் அனுமதியின்றியே எடுத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள், தம் 31ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய உயிரணுக்களோ ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை இருமடங்காகப் பெருகின. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்க அவை உதவின. உலகெங்கும் விலைக்கு விற்கப்பட்டன. குடும்பத்தினர் இதனை அறிந்தது 1973இல்தான். தாயின் உயிரணுக்களால் மருத்துவம் வளர்ந்தது. மக்களுக்கோ மருத்துவக் காப்பீடு செய்துகொள்ளவும் வசதியில்லை!

இவ்வரலாற்றை எழுத ஸ்க்லூட்டுக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாயின. முன்பே ஏமாற்றப்பட்டிருந்த அக்குடும்பம் அவரை எளிதில் நம்பவில்லை. மகள் டெபோரா பேசச் சம்மதித்தார்; பிறகு நெடுங்காலம் மௌனமானார். ஸ்க்லூட் பொறுமையுடன் காத்திருந்தார். அவர் எழுதிய நூல் 2010இல் வெளிவந்தது. டெபோராவோ 2009இலேயே காலமாகிவிட்டார். ஹென்றியட்டாவின் சந்ததியினருக்கும் அவர்களைப் போன்றோருக்கும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் உதவ ஓர் அறக்கட்டளையையும் ஸ்க்லூட் நிறுவினார். அவ்வுயிரணுக்களால் ஆதாயம் பெற்றதாக ஒரு நிறுவனத்தின்மீது குடும்பத்தினர் தொடுத்த வழக்கு, 2023இல் சமரசத்தில் முடிந்தது.

சற்றே சிந்தியுங்கள். உயிரணு எவ்வாறு பெருகுகிறது என்பதை விளக்க அறிவியல் கல்வி போதும். அதற்குரியவளின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தேடிச் செல்ல, மனித வாழ்வின்மீது ஈடுபாடு வேண்டும். அதைப் படிப்போர் நெஞ்சில் பதியச் செய்ய மொழிப்பயிற்சி வேண்டும். இம்மூன்றும் ஒருவரிடம் கூடியதாலேயே, அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் கையாண்ட உயிரணுவின் பின்னே இருந்த தாயை உலகம் கண்டது.

உங்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளை விலங்கியலும் படித்து, கதையும் எழுதிக்கொண்டிருக்கலாம். 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். நாளை நம் நோய்களைப் பற்றி நமக்குப் புரியும் தமிழில் எழுத, அத்தகையோரே நமக்குத் தேவை. நீங்களும் அடுத்த உடல்நலக் கட்டுரையைக் கத்தரித்து வைக்குமுன், எழுதியவர் யார், எந்த ஆதாரத்தைக் கொண்டு எழுதினார், அதில் நோயாளியின் குரல் கேட்கிறதா என்று பாருங்கள்.