‘செட் ஆயிடும் சார்’

இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படிக்கலாம். பேரன் தட்டச்சு செய்து தருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லி நானே ஒற்றை விரலால் இரண்டு நாளாக எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தால் தமிழய்யா வீட்டுப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளவும்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக் கூடம். அதில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அடியில் ஆற்று மணல், கூழாங்கல், ஒரு வேர்க்கட்டை. உள்ளே 11 மீன்கள். கீழே, ‘கடையில வாங்கினது இல்ல, நம்ம ஊரு ஓடையில நானே பிடிச்சது, சுத்தமான நாட்டு மீன்’ என்று எழுதியிருந்தது. கைதட்டல் பொம்மை, நெருப்புப் பொம்மை எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. மறுநாள் அவனுக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. பின்னூட்டத்தில் அவனே வந்து மாட்டிக்கொள்வான்.

“எத்தனை மீன்லே பிடிச்சே?”

“ஒரு முப்பது இருக்கும் சார்.”

“தொட்டியில பதினொண்ணுதானே இருக்கு?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான், “முதல் வாரம் கொஞ்சம் போகும் சார். மிச்சம் செட் ஆயிடும்.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. 30 பேர் ஏறிய பேருந்தில் 19 பேர் செத்துப்போய், மீதிப் பேர் செட் ஆகிவிட்டார்கள் என்று ஓட்டுநர் சொன்னால் சும்மா விடுவோமா? மீனுக்குக் குரல் கிடையாது. செத்ததை வலையில் அள்ளி டாய்லெட்டில் ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் படம் எடுத்துப் போடலாம்.

அவனைத் திட்டுவதற்கு முன்னால் என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1987 என்று நினைக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. ஆய்வகத்தில் ஒரு பழைய கண்ணாடித் தொட்டி சும்மா கிடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு மீன் கொண்டுவாருங்கள் என்றேன். வாய்க்காலில் இறங்கித் துண்டாலும் கொசுவலையாலும் அரித்து, தூக்குவாளி, ஹார்லிக்ஸ் பாட்டில், ஒருத்தன் டிபன் பாக்ஸ் என்று கொண்டுவந்துவிட்டார்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பி எல்லாவற்றையும் அதில் விட்டேன். செவுள் படம், துடுப்புப் படம் எல்லாம் அன்றைக்கு நேரிலேயே நடத்தினேன். பிரமாதமான வகுப்பு. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் நாற்றம். எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. “சரி சரி, வெளியே போங்க” என்றேன். ஏன் செத்தன என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லை. எனக்கே அன்றைக்குச் சரியாகத் தெரியாது. அதை ஒப்புக்கொள்ளவும் மனசில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன்தான் இன்றைக்குத் தொட்டி வைத்திருப்பவன். ஆகவே அவன் செய்தது பாதி நான் கற்றுக்கொடுத்தது.

அன்றைக்கு நடத்தாத பாடத்தை இப்போது நடத்திவிடுகிறேன். மீன் கழிவாக வெளியேற்றுவது பெரும்பாலும் அம்மோனியா. அதுவும் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. ஓடையில் அது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைகொள்ளவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஆள் தொட்டி வாங்கிய அன்றைக்கே 30 மீனையும் விட்டிருக்கிறான். அவன் ‘செட் ஆகிற வாரம்’ என்று சொன்னது அம்மோனியாவில் செவுள் வெந்த வாரம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது வேறு. இன்னொன்று, 20 டிகிரி குளிர்ச்சியான தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரை கரைந்திருக்கும். சென்னை வெயிலில் 30 டிகிரிக்குப் போனால் ஏழரைதான். பாறையில் விழுந்து நுரைக்கிற தண்ணீரில் வளர்ந்த மீனுக்கு, மூன்றாவது மாடியில் ஒரு சின்ன மோட்டார் விடுகிற குமிழியை வைத்து மூச்சு விடச் சொல்கிறோம். குருணைத் தீனியை அது உணவென்றே அடையாளம் காண்பதில்லை. சில மீன்கள் பட்டினி கிடந்தே போகும்.

பிழைத்த 11-ஐ படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக நீண்டு தொங்கும் கெண்டை ஏழு இருந்தது. அது என்ன மீன் என்று அவனுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். 1954-ல் மீனியலாளர் இ. ஜி. சைலஸ் அதற்கு வைத்த பெயரில் நம் தாமிரபரணி இருக்கிறது. 2012-ல் அதன் பேரினத்தைத் தனியாகப் பிரித்து, ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவித்துப் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அது டாக்கின்ஸியா தாம்பிரபர்ணியை. நம் ஆற்றின் பெயரைத் தாங்கிய மீன் அது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

அந்த நீண்ட நூல் வளர்ந்த ஆணுக்குத்தான் வரும். அழகான மீனாகப் பார்த்துப் பொறுக்குகிறவன், அந்த மடுவில் இனம் பெருக்க வேண்டிய ஆண்களையே பொறுக்குகிறான். கோடையில் ஓடை அறுபட்டு மடு மடுவாக நிற்கும்போது ஒரு மடுவில் அப்படி எத்தனை இருக்கும்? “பத்து மீன்தானே சார்” என்கிற கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

இரண்டாவது பதில் அந்தக் குழுவிலேயே இருக்கிறது. படத்துக்குக் கீழே ஓடையின் பெயரையும் போட்டிருந்தான். அரை மணி நேரத்தில் ‘மச்சான் லொகேஷன் அனுப்பு’ என்று இரண்டு பேர். நான் சொன்ன பிறகு பெயரை எடுத்துவிட்டான், நல்லது. இங்கேயும் நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காப்புக்காட்டு எல்லைக்கு வெளியேதான் பிடித்தேன் என்கிறான். நம்புகிறேன். ஆனால் லொகேஷன் கேட்ட இருவருக்கும் எல்லை எங்கே முடிகிறது என்று தெரியுமா? களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வலை போட்டால் 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டம் பாயும். மீன்தானே என்று யாரும் விடமாட்டார்கள்.

பத்து பத்தாக எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. கேரள ஆறுகளில் செங்கணியான் என்று ஒரு மீன். உடம்போடு ஒரு சிவப்புக் கோடு, ஒரு கறுப்புக் கோடு. 1865-ல் ஃபிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்காரர், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் டெனிசன் பெயரை அதற்கு வைத்தார். நூறு வருஷத்துக்கு மேல் அது பாட்டுக்கு ஆற்றில் கிடந்தது. 1997-ல் சிங்கப்பூர் அலங்கார மீன் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அதோடு ‘மிஸ் கேரளா’ ஆனது. அதோடு பிடித்தது சனி. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து, அழியும் நிலையிலுள்ள 30 நன்னீர் மீன் வகைகளில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் தொட்டி வியாபாரத்துக்கு ஏற்றுமதியானதாக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அதில் பெரும்பங்கு வகித்த மீன்களில் இதுவும் ஒன்று. விமானம் ஏறியதைத்தான் எண்ணியிருக்கிறார்கள். வழியில் ‘செட் ஆகாமல்’ போனதை யார் எண்ணினார்கள்? 2008-ல் அரசு விழித்துக்கொண்டு ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கக் கூடாது என்றது. பிறகு ஆராய்ந்து பார்த்தால் அந்த மீன் முட்டையிடும் காலம் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை. மீனைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு முன்னால் அதை விற்கத் தெரிந்துகொண்டோம். ஏற்றுமதிக்காரர் யாரும் ஒரே நாளில் 15 லட்சம் பிடிக்கவில்லை. ஓடையோரத்துப் பையன்கள் பத்து, இருபது என்று பாலித்தீன் பையில் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் அது.

இனி ‘நாட்டு மீன்’ விஷயம். நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டு விதை என்று பேசிப் பேசி, நாட்டு மீனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு தலைகீழ். நாட்டு மாட்டை வீட்டில் வளர்த்தால் நாட்டு மாடு பெருகும். நாட்டு மீனை ஓடையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்தால் ஓடையில் ஒன்று குறையும், வீட்டில் கொஞ்ச நாளில் அதுவும் இருக்காது. கொளத்தூர்க் கடையில் விற்கிற கப்பியும் மோலியும் தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்தவை. அவற்றை வாங்குவதால் எந்த ஆற்றிலும் ஒரு மீன் குறையப் போவதில்லை. ஒரு ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார் வெளிநாட்டு மீனுக்குப் பரிந்து பேசுகிறார் என்று யாராவது சொன்னால், ஆமாம், இந்த இடத்தில் பேசுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அலுத்துப்போனால் அதைக் குளத்தில் கொண்டுபோய் விடக் கூடாது. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்குகிற சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும், பாவம் பார்த்துக் குளத்தில் விடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். நம் கெண்டைக்கு அந்தப் புண்ணியம்தான் பாவம்.

மதுரை மைத்துனர் இதற்குள் கேட்டிருப்பார்: “அத்தான், அயிரைக் குழம்புன்னா மூணு தட்டு சாப்பிடுறீங்க, அது மட்டும் என்ன?” நியாயமான கேள்வி. அயிரையும் ஆற்றில், கண்மாயில் பிடிப்பதுதான். நான் சாப்பிடுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் வற்றப்போகிற கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடத்தி ஊரே அள்ளுவது ஒன்று. அங்கே விட்டாலும் வெயிலில் சாகும், மழை பெய்தால் வாய்க்கால் வழியாக மறுபடி வந்து சேரும். ஒரு மலையோரத்து மடுவில் மட்டும் இருக்கிற மீனை எடுப்பது வேறு. தவிர, பசிக்குத் தின்கிறவன் தான் மீனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

அந்தக் காப்பாற்றுகிற பேச்சையும் அவன் பேசினான். “ஆறே சாக்கடை ஆயிட்டு சார், மணல் பூராவும் போச்சு, என் தொட்டியிலாவது நாலு மீன் இருக்கட்டுமே.” சாக்கடை கலப்பதும் மணல் போனதும் உண்மை, நான் மறுக்கவில்லை. தொட்டி வைத்தவனைவிட மணல் அள்ளியவன் நூறு மடங்கு குற்றவாளி. ஆனால் பத்துப் பேர் அடித்துப் போட்ட ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய் நம் வீட்டுக் கூடத்தில் பொம்மையாக நிறுத்துவதற்குப் பெயர் காப்பாற்றுவதா? தொட்டியில் இனப்பெருக்கம் செய்து காட்டினால் பேச்சே வேறு. செங்கணியானைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்க முடிகிறது. அப்படிப் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். எங்கே பிறந்தது என்று கடைக்காரருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

அப்படியானால் பிள்ளைகள் நம் மீனைப் பார்க்கவே கூடாதா? என் பேரனுக்குக் கப்பி தெரியும், முண்டக்கண்ணி தெரியாமல் இருந்தது. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, வயல் வாய்க்காலில் கொசுப்புழு தின்றுகொண்டு மேலாக நிற்குமே, அதுதான். கொசுவை ஒழிக்க 1928-ல் வெளிநாட்டிலிருந்து கம்பூசியாவை வரவழைத்த நாடு நம்முடையது. வாசலில் நிற்கிற ஆளை விட்டுவிட்டுப் பட்டணத்தில் ஆள் தேடிய கதை. போன டிசம்பரில் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் இரண்டு முண்டக்கண்ணியைப் பிடித்து, அதே வாய்க்கால் தண்ணீரில் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டோம். பேரன் ஒரு மணி நேரம் குப்புறப் படுத்துப் பார்த்தான், படம் வரைந்தான். விளக்கு வைப்பதற்கு முன்னால் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். என் அனுமதி அவ்வளவுதான். 1987-லும் அப்படிச் செய்திருக்கலாம். வகுப்பு ஒன்றும் கெட்டிருக்காது.

இனி அந்த 11 மீனுக்கு. தம்பி, நீ இதைப் படித்துவிட்டு ஆவேசப்பட்டு, பையில் போட்டுக்கொண்டு வந்து ஓடையில் விட்டுவிடாதே. இதற்குள் கடையில் வாங்கிய செடி, தீனி, வலை என்று என்னென்னமோ அந்தத் தண்ணீரில் பட்டிருக்கும். வெண்புள்ளி நோய் மாதிரி ஏதாவது அங்கே போய்ச் சேர்ந்தால் இருக்கிறதும் போகும். எடுத்துக்கொண்டு போனவன் நீ, கடைசிவரை நீதான் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. புதுத் தண்ணீரைக் குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்து ஊற்று. மோட்டாரைப் பெரிதாகப் போடு. மேலே மூடி போடு, துள்ளி விழும். ஒன்று செத்தால் அந்த இடத்தை நிரப்ப மறுபடி ஓடைக்குப் போகாதே. எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தொட்டியில் கப்பி விடு, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் கோயில் படித்துறைக்கு வா. அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை, உனக்கே தெரியும். பொரியை எறிந்தால் தண்ணீர் கறுத்துப் போகிற அளவுக்கு மீன் வரும். நான் காலை ஆறரைக்கு அங்கே இருப்பேன். முட்டி வலி என்பதால் கடைசிப் படிக்கு இறங்கமாட்டேன். பொரி நான் வாங்கி வைக்கிறேன், பிள்ளைகளோடு நீ இறங்கு.