எருமைக் கன்று ராசியால் சாகவில்லை

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் வந்தான். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடியிருந்த வைக்கோலைப் பார்த்துட்டு, "இது என்ன மாமா?" என்றான். யூரியா தெளிச்சு மூடியிருக்கேன்டா, எருமைக் கன்றுகளுக்குத்தான் என்றேன். முகம் சுருங்கிப்போச்சு. "மாடு திங்கிறதுல யூரியாவா? பாவமில்லையா மாமா?"

பாவம் எதுன்னு எனக்குத் தெரியும். நானே செஞ்சிருக்கேன்.

ஏழெட்டு வருசம் முன்னாடி எங்க எருமை ஒரு கிடேரிக் கன்று போட்டது. நான் பால் காசுக்கு ஆசைப்பட்டுக் கன்றுக்கு அரைகுறையா ஊட்டவிட்டு, மிச்சத்தையெல்லாம் கேனில் ஊத்தினேன். மூணாம் மாசமே வெறும் வைக்கோலைப் பிடுங்கிப் போட்டேன். குடற்புழு மருந்தும் கொடுக்கலை. வயிறு பானை மாதிரி, முதுகெலும்பு கத்தி மாதிரி ஆச்சு. ஐப்பசி மழையில ஒரு விடியக்காலம் செத்துக் கிடந்தது. "எருமைக் கன்று தங்காதுப்பா, அதோட ராசி அப்படி"ன்னு ஊரே ஆறுதல் சொன்னது. ராசியாவது மண்ணாவது. பட்டினி போட்டுக் கொன்னது நான். பொட்டைக் கன்றுக்கே இந்தக் கதின்னா கடாக் கன்றைப் பத்திக் கேட்கவே வேண்டாம்.

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு எருமைகள் சுமார் 7.8 லட்சம். 2019இல் சுமார் 5.2 லட்சம். ஏழு வருசத்துல மூணுல ஒரு பங்கு காணோம். 2017இல் காளைக்காக மெரினாவில் நின்னீங்க, எனக்கும் சந்தோசம்தான். எருமைக்காக ஒருத்தரும் வாய் திறக்கலை. ஆனா கெட்டித் தயிர் மட்டும் எருமைப் பாலில்தான் வேணும்.

தீவனமில்லைன்னு எங்காளுங்க சொல்றது சுத்தப் பொய். கள்ளக்குறிச்சின்னா உங்களுக்கு 2024 சாராயச் சாவுதான் ஞாபகம் வரும். இது நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையுற பூமி. கல்வராயன் மலையிலிருந்து இறங்குற கிழங்கு சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்து சேகோ மில்லுகளுக்குப் போகுது. மாவெடுத்தபிறகு மிஞ்சுற திப்பி மூட்டை மூட்டையா கிடைக்குது. நாங்க என்ன செய்றோம்? மக்காச்சோளத் தட்டைக்குத் தீ வைக்கிறோம், இல்லேன்னா ரொட்டவேட்டர் விட்டு மடக்குறோம். (மண்ணுக்குப் பாதி விடுங்க, வேண்டாம்னு சொல்லலை.) வைக்கோலைக் கட்டுக்கட்டா லாரியில ஏத்துறோம். அப்புறம் கடனுக்கு மூட்டைத் தீவனம் வாங்கிட்டு, எருமை கட்டுபடியாகலைன்னு புலம்புறோம்.

இப்ப யூரியாவுக்கு வர்றேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணியில கரைச்சு, அடுக்கடுக்கா தெளிச்சு, மிதிச்சு, காத்துப் புகாம மூடணும். 21 நாளில் அது அம்மோனியாவா மாறி முரட்டு நாரை இளக்கிடும். திறந்து ஆறவிட்டா நெடி போயிடும். அசைபோடுற மாட்டோட பெருவயித்துல இருக்கிற நுண்ணுயிர்கள் அந்தத் தழைச்சத்தை எடுத்துப் புரதமாக்கும், அதை மாடு செரிச்சுக்கும். 3, 4 சதவீதமா இருந்த புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கரைச்ச தண்ணியை மாடு நேரா குடிச்சா சாகும், அது உண்மை. அதனாலதான் வாளியைக்கூடக் கழுவிக் கவுத்துட்டு வர்றேன். ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோல் கூடவே கூடாது, அந்த வயிறு இன்னும் முழுசா வேலை செய்யாது. அதுவரைக்கும் பாலும், பசும்புல்லும், கொஞ்சம் அடர்தீவனமும்தான்.

அடர்தீவனத்தையும் நானே கலக்குறேன். 100 கிலோவுக்கு உடைச்ச மக்காச்சோளம் 30, கடலைப் புண்ணாக்கு 30, தவிடு 22, காயவெச்ச திப்பி 15, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. திப்பியில மாவுச்சத்துதான் இருக்கு, புரதம் சொற்பம், அதனால புண்ணாக்கைக் குறைச்சுத் திப்பியை ஏத்துனா நாம நம்மளையே ஏமாத்திக்கிறோம். ஈரத் திப்பியில பூஞ்சணம் பிடிக்கும், அதைக் கன்றுக்கு வெக்காதீங்க. கரும்புக் கொழுந்தாடையும் நறுக்கிப் போடுவேன். அதுல இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும், அதனால அன்னைக்குத் தாது உப்பு தவறக்கூடாது.

இப்போ நிக்கிற கிடேரி மூணரை வயசுல கன்று போட்டது. அதோட தாய்க்கு அஞ்சு வயசாச்சு, அது நான் வெறும் வைக்கோல் போட்ட காலம். ஒன்றரை வருசம் சும்மா நின்னு தின்ன கணக்கை எந்த நோட்டுல எழுதுறது?

பக்கத்துக் காட்டுக்காரர் நேத்தும் தட்டைக்குத் தீ வெச்சார். "அண்ணே, கொளுத்தாதீங்க, வெட்டுக்கூலி நான் கொடுத்து எடுத்துக்கிறேன்"னு சொன்னேன். "அடுத்த போகத்துக்குப் பாத்துக்கலாம் தம்பி"ன்னார். புகை எங்க கொட்டகை வரைக்கும் வந்தது.