மரம் வீணாகும் முன் கார்டைப் பாருங்கள்

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று ஒரே மரத்துண்டில் சாமி சிலையும் வாகனமும் தேர்ச் சிற்பமும் செதுக்குகிற ஊர் அது. அந்தக் குறியீடு உளிக்கும் கைக்கும் கிடைத்த மரியாதை. அதில் எந்திரத்துக்குப் பங்கு கேட்க நான் வரவில்லை. ஆனால் வாசக்கதவுப் பூவேலை, பூஜையறை ஜாலி, பெயர்ப்பலகை என்று நம் பக்கத்து மரப்பட்டறைகளுக்குள், கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானாகச் செதுக்கும் சிஎன்சி எந்திரம் நுழைந்துவிட்டது. வீட்டு மாடியில் சின்ன எந்திரம் வைத்து ஆசைக்குச் செதுக்கிப் பார்க்கும் பிள்ளைகளும் பெருகிவிட்டார்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அரியலூர் சிமென்ட் ஆலையொன்றில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் 3018 என்ற சின்ன சிஎன்சி எந்திரம் ஒன்று ஓடுகிறது. 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் செதுக்கும். இந்த மண்ணில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவத்தின் சுருளை மரத்தில் எடுப்பது என் பொழுதுபோக்கு. அதனால் எனக்கு அடிக்கடி வரும் போன் இது: “சார், பாதியில நின்னுடுச்சு. மெமரி கார்டை ஃபார்மட் அடிச்சுட்டேன். அப்பவும் ஓடல.”

கோளாறு வந்ததும் ஃபார்மட் அடிப்பது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. அது தப்பு. ஃபார்மட் என்பது வேலை தொடங்கும் முன் செய்கிற துப்புரவு. வேலை நின்ற பிறகு கொடுக்கிற மருந்து இல்லை.

முதலில் எந்திரம் கார்டை எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம். சின்ன எந்திரங்களின் மூளையாக இருக்கும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள், 2 கிலோபைட் நினைவகம் மட்டுமே கொண்ட ஒரு சில்லில் ஓடுவதற்காக எழுதப்பட்டது. முழு ஃபைலையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ள அதற்கு இடம் கிடையாது. கையடக்க கன்ட்ரோலர் கார்டிலிருந்து கட்டளைகளை வரி வரியாக எடுத்துக் கொடுக்க, அது வரி வரியாக வெட்டும். பெயர்ப்பலகைக்குச் சில நிமிடம் போதும். அம்மோனைட் போன்ற புடைப்பு வேலைக்கு உருண்டை முனை பிட் இழை இழையாக மணிக்கணக்கில் போய்வர வேண்டும். அத்தனை நேரமும் கார்டு பிசகாமல் படிக்கப்பட வேண்டும்.

நடுவில் ஒரு வரி கிடைக்காவிட்டால் மேசை நின்றுவிடும், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிற்காது. பிட் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் கருகல் வாசனை வரும். ஓடிப்போய் அணைப்பதற்குள் சுருளின் நடுவில் கறுப்பாக ஒரு குழி விழுந்திருக்கும். கேமராவில் கார்டு கெட்டால் படம் போகும். இங்கே பலகை போகும்.

சரி, எப்போது ஃபார்மட் செய்யலாம்? கார்டு புதிதாக வந்ததும் ஒருமுறை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. சின்ன கன்ட்ரோலர்கள் பலவும் ஃபேட்32 மட்டுமே படிக்கும். பெரிய புடைப்பு வேலையின் ஃபைல்கூடச் சில பத்து எம்பிதான் என்பதால் 32 ஜிபிக்கு மேல் வாங்குவதே வீண். அடுத்து, டிசைன் கடை, ஜெராக்ஸ் கடை என்று வெளிக் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்துவந்த பிறகு. வைரஸும், கண்ணுக்குத் தெரியாத குப்பை ஃபைல்களும் அங்கிருந்துதான் தொற்றுகின்றன. மூன்றாவது, நல்ல பலகையில் நீண்ட வேலை தொடங்கும் முன். காலியான கார்டில் அந்த ஒரு ஃபைலை மட்டும் ஏற்றி, கம்ப்யூட்டரில் ‘எஜெக்ட்’ கொடுத்து எடுங்கள். எந்திரம் பெரும்பாலும் கார்டைப் படிக்க மட்டுமே செய்கிறது. கார்டு கெடுவது அதிகமும் கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே பிடுங்கும்போதுதான்.

குயிக் ஃபார்மட், ரேஷன் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு ஆளை ஊரிலேயே விட்டுவைப்பது மாதிரி. பட்டியல் மட்டும் காலியாகும். பழைய தகவலும் பழுதான இடமும் அப்படியே இருக்கும். அன்றாடத்துக்கு அது போதும். புதுக் கார்டுக்கும் சந்தேகமான கார்டுக்கும் ‘குயிக்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விண்டோஸ் ஒவ்வொரு இடத்தையும் எழுதிச் சோதிக்கும். நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை பாதியில் நின்றால் ஃபார்மட்டில் கை வைக்காதீர்கள். எங்கே நின்றது என்று குறியுங்கள். திரும்ப ஓட்டும்போதும் அதே வரியில் நின்றால் ஃபைலிலோ கார்டிலோ கோளாறு. ஃபைலைப் புதிதாக எடுத்து ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் கார்டை விட்டுவிட்டு ஒயரைப் பாருங்கள். எர்த் சரியில்லாமல் இருக்கலாம், ஸ்பிண்டில் ஒயர் சிக்னல் ஒயரை ஒட்டிப் போகலாம், தூசி உறிஞ்சும் குழாயில் நிலைமின்சாரம் ஏறலாம். கார்டு செருகும் வாயில் மரத்தூள் அடைவதும் உண்டு. சிமென்ட் லாரி ஓடும் எங்கள் ஊரில் அதோடு வெள்ளைப் புழுதியும் சேர்ந்துகொள்ளும். பிளோயரால் ஊதி, கார்டின் தங்கநிறத் தகடுகளை உலர்ந்த பஞ்சுத்துணியால் துடைத்தாலே பல கார்டுகள் பிழைத்துவிடும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பிள்ளையார்’ என்று சேமித்தால் பல கன்ட்ரோலர்களின் திரையில் கட்டமும் கேள்விக்குறியும்தான் தெரியும். சிலவற்றில் ஃபைலே தெரியாது. அதற்கும் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சின்னதாக ஆங்கில எழுத்தும் எண்ணும் வைத்து, எந்த எண் எந்த வேலை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, கார்டையே பெட்டகமாக நினைப்பது. ஒரு சிற்பி பார்த்துப் பார்த்து வரைந்த யாளியும் கொடிக்கருக்கும் இன்று ஃபைலாக மாறிவிட்டன. அவை விரல்நகம் அளவுள்ள கார்டில் மட்டும் இருந்தால், தவறான ஒரு ஃபார்மட்டில் பட்டறையின் சொத்தே போய்விடும். கம்ப்யூட்டரில் ஒரு நகல், வெளியே ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் என்று வைத்த பிறகுதான் கார்டைத் தொட வேண்டும். பெரம்பலூர், அரியலூர் ஐடிஐகளிலும், தொழில் மையங்கள் நடத்தும் பயிற்சிகளிலும் எந்திரம் ஓட்டச் சொல்லித்தரும்போது, ஃபைலைக் காப்பதற்கும் அரை நாள் ஒதுக்க வேண்டும். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். சிற்பியின் டிசைனை அவர்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

எந்திரத்துக்கென்று ஒரு கார்டை ஒதுக்குங்கள். அதை போனில் போடாதீர்கள், பாட்டு ஏற்றாதீர்கள். ஒரே கோளாறுக்கு இரண்டாம் முறை ஃபார்மட் கேட்கும் கார்டை உடைத்துக் குப்பையில் போடுங்கள். புதுக் கார்டு எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும். காய்ந்து பதமான வாகைப் பலகை அப்படிக் கிடைக்காது.