மார்கழிப் பனியில் பெரம்பலூர் சாலை: ஹை பீம் வேண்டாமே!

மார்கழி பிறந்ததும் பெரம்பலூர், அரியலூர் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: 'பனிமூட்டத்தால் வாகனங்கள் முகப்பு விளக்கை எரியவிட்டபடி சென்றன.' சரி, எந்த விளக்கை? அதில்தான் விஷயமே இருக்கிறது.

திருச்சி - சென்னை நான்குவழிச் சாலை பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர் என்று வெட்டவெளியில் ஓடுகிறது. மழையில் ஊறிய மண், தெளிந்த வானம், காற்றில்லாத இரவு மூன்றும் சேர்ந்தால் விடியற்காலையில் தரையை ஒட்டிப் பனி கட்டிக்கொள்ளும். 'எதுவும் தெரியலையே' என்று ஹை பீம் போட்டால், வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பும். லோ பீம் போதும். ஃபாக் லேம்ப் இருந்தால் அதையும் போடலாம். சாலையோர வெள்ளைக் கோட்டைப் பார்த்து மெதுவாகப் போக வேண்டும்.

ஹசார்டு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே ஓட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று பின்னால் வருபவர் குழம்பிப்போவார். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால், ஏ.சி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் சீக்கிரம் தெளிந்துவிடும்.

அரியலூர்ப் பக்கம் சிக்கல் வேறு. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் சிந்தும் தூள், பனி ஈரத்தில் குழைந்து வழுக்கும். முன்னால் போகும் லாரிக்கும் நமக்கும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி இருக்கட்டும். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி பனியில் கடைசி நொடியில்தான் தெரியும்.

பைக்கில் போகிறவர்களுக்கு மக்காச்சோளக் குவியலும் ஆபத்துதான். பெரம்பலூர் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம். அறுவடை நேரத்தில் களம் போதாமல் சாலையிலேயே காயவைத்து, இரவில் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்துவிடுவார்கள். விடியற்காலைப் பனியில் அந்தக் கல் எங்கே தெரியும்? விவசாயியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஊருக்கு ஊர் உலர்களம் இருந்தால் அவர் ஏன் ரோட்டுக்கு வரப்போகிறார்?

பனிக்கு முன்பே கார்த்திகை மழை வந்துவிடும். 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகிய விபத்து அது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தாலே சின்ன கார் மிதக்கத் தொடங்கிவிடும்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்புவோர் பெரம்பலூரை நெருங்குவது நாலு, ஐந்து மணிக்கு. பனியும் அடர்ந்திருக்கும், தூக்கமும் கண்ணைச் சுழற்றும் நேரம். மாலையிலேயே கிளம்பலாம், முடியாவிட்டால் வழியில் பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ சாலையை விட்டு உள்ளே தள்ளி நிறுத்தி, வெயில் வந்தபின் புறப்படலாம். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, ஆம்புலன்ஸுக்கு 108.