பூட்டு உடையவில்லை... நகை மட்டும் காணோம்!

கைக்கு அடக்கமான ஒரு மோட்டார். அதன் முனையில் மெல்லிய கம்பி. பட்டனை அமுக்கினால் 'விர்ர்' என்று அதிர்கிறது. பூட்டின் வாயில் விட்டால், சிறிது நேரத்தில் 'டக்'! பூட்டு திறந்து விடுகிறது.

இதுதான் மின்சாரக் கள்ளச்சாவி.

இதைக் கடையில் வாங்க வேண்டும் என்பதில்லை. பல் துலக்கும் எலெக்ட்ரிக் பிரஷ்ஷைப் பிரித்து வீட்டு மேஜையிலேயே செய்து பார்க்கும் ஆசாமிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். திருடுவதற்கு அல்ல, பொழுதுபோக்குக்கு! ஜெர்மனியில் பூட்டுத் திறக்கும் விளையாட்டுக்கு 1997-லேயே சங்கம் வைத்து விட்டார்கள்.

"அப்படிப்பட்டவனைப் பிடிச்சு உள்ளே போட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது.

லண்டனில் ஒரு பூட்டுக் கம்பெனி, தன் பூட்டைக் கள்ளச்சாவியால் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடை ஜன்னலில் சவால் விட்டிருந்தது. பல்லாண்டுகள் யாராலும் முடியவில்லை. 1851-ல் அமெரிக்காவில் இருந்து வந்த ஹாப்ஸ் என்பவர் 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்து காட்டினார். பரிசையும் வாங்கினார். அவரை யாரும் ஜெயிலில் போடவில்லை. பூட்டு செய்தவர்கள்தான் இன்னும் நல்ல பூட்டு செய்யப் போனார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடு புகுந்து திருடும் கருவியைத் தக்க காரணம் இல்லாமல் வைத்திருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்று 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-வது பிரிவில் இருந்தது. 2009-ல் அந்தப் பிரிவைத் திருத்தியபோது இந்த வாசகம் போய்விட்டது. இன்று ஒருவன் தன் பணத்தில் வாங்கிய பூட்டைத் தன் வீட்டில் உட்கார்ந்து திறந்து பார்த்தால் அது குற்றம் ஆகாது. ஆகவும் கூடாது.

அடுத்தவன் கதவில் கை வைத்தால் கதை வேறு. வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறந்தாலே அது 'வீட்டை உடைத்தல்'தான். கதவு பிளக்க வேண்டாம். பூட்டு நொறுங்க வேண்டாம். 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் இதற்கு ஓர் உதாரணமே கொடுத்திருந்தது: வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதை வைத்தே திறந்து அத்துமீறி நுழைந்தாலும் அது வீட்டை உடைத்தல்தான்! 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-வது பிரிவிலும் இதே விதிதான்.

ஆக, சட்டத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

வேலைக்காரிதான் மாட்டுவாள்

தூத்துக்குடியில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். புருஷன் கப்பலில் வேலை. மனைவி பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு இரவு திரும்புகிறாள். கதவில் பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது. உள்ளே பீரோவில் நகை இல்லை.

போலீஸ் நிலையத்தில் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "பூட்டு உடையலியேம்மா, சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கும் பெண், பக்கத்து வீட்டுப் பையன், வந்து போன கொழுந்தன் என்று சந்தேகம் சுற்றிச் சுற்றி வரும். நிஜத் திருடன் பஸ் ஏறியிருப்பான். கடப்பாரையால் நெம்பியவன் தடயம் வைத்து விட்டுப் போகிறான். அதிரும் கம்பிக்காரன் வைப்பது கண்ணுக்குத் தெரியாத கீறல். அதுவும் பூட்டின் வயிற்றுக்குள்ளே.

ஆனால் அந்தக் கீறல் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியும். பூட்டைக் கழற்றி, பிரித்து, உள்ளே இருக்கும் ஊசிகளைப் பார்த்தால், சாவி பட்ட தேய்மானம் வேறு, கம்பி பட்ட கீறல் வேறு என்று பிரித்துச் சொல்ல முடியும். பக்கத்தில் திருநெல்வேலியிலேயே வட்டாரத் தடய அறிவியல் கூடம் இருக்கிறது. வேலைக்காரியை விசாரிக்கும் முன்னால் பூட்டை விசாரிக்கலாமே!

இன்சூரன்ஸ் இன்னும் மோசம். திருட்டுக்கான பாலிசிகள் பலவற்றில், பலாத்காரமாக உடைத்துப் புகுந்த திருட்டுக்குத்தான் பணம் என்று நிபந்தனை இருக்கும். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2004-ல் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது. பாலிசியில் எழுதியிருப்பதைத் தாண்டிப் போக முடியாது என்றது. அதே தீர்ப்பில் நீதிபதிகள் இன்னொன்றும் சொன்னார்கள். இந்த நிபந்தனை சாதாரண ஜனங்களுக்குப் புரியாத அளவுக்குக் கடுமையாக இருக்கிறது, கம்பெனிகள் இதைத் திருத்த வேண்டும் என்றார்கள்.

கிரிமினல் சட்டம் 'திறந்தாலே போதும்' என்கிறது. பாலிசி 'உடைந்தால்தான் உண்டு' என்கிறது. நடுவில் நிற்பது நகையைப் பறிகொடுத்த குடும்பம்.

துறைமுகத்துக்குத் தெரிந்த வித்தை

இதே ஊரில் வ.உ.சி. துறைமுகத்துக்குள் போகும் கண்டெய்னரைப் பாருங்கள். பூட்டை நம்பி அனுப்புவதில்லை. நம்பர் பொறித்த சீல் வைத்து அனுப்புகிறார்கள். சீலின் வேலை தடுப்பது மட்டும் அல்ல. எவனாவது திறந்தான் என்றால் காட்டிக் கொடுப்பது. அதிலும் சீலைத் தொடாமல் கதவின் கீலையே கழற்றி உள்ளே இருப்பதை மாற்றும் எத்தர்கள் கடத்தல் உலகத்தில் உண்டு. அதனால் சீல் நன்றாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து விட்டுவிட முடியாது. கீலையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பூட்டு எதையும் காட்டிக் கொடுப்பதில்லை.

கடைக்குப் போனால், "நல்லா கனமா இருக்கு அண்ணாச்சி, எடுத்துக்கிடுங்க" என்பார்கள். கனத்தில் என்ன இருக்கிறது? இன்று பரவலாக விற்பவற்றில் ஒன்று ஸ்பிரிங்கில் துள்ளும் ஊசி வைத்த பூட்டு. 1860-களில் அமெரிக்காவின் யேல் கொண்டு வந்த முறை. ஊசிகள் துள்ளும் நொடியில்தான் மின்சாரக் கம்பிக்கு வழி கிடைக்கிறது.

திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு அப்படி அல்ல. உள்ளே தகடு தகடாக லீவர் இருக்கும். துள்ளுவதற்கு ஊசியே கிடையாது. அதிரும் கம்பி அங்கே பலிக்காது. உடைக்க வந்தால் சத்தம் கேட்கும், தடயமும் மிஞ்சும். ஒவ்வொரு சுற்றுக்கும் மணி அடிக்கும் பூட்டைக்கூடச் செய்த ஊர் அது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகும் அங்கே பட்டறைகள் தொழில் இல்லாமல் தவிக்கின்றன என்பது தனிக் கதை. அந்தப் பூட்டை வாங்குகிறவர்கள், இந்த ஊர் உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கடி ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

ஊசிப் பூட்டை விற்கும் கம்பெனிகள், இது எந்த ரகம், எதற்குத் தாங்கும் என்று டப்பாவின் மேலேயே தமிழில் அச்சடித்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

அது நடக்கும் வரை, பாலிசி புதுப்பிக்க வரும் ஏஜெண்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "பூட்டு உடையாம திருடு போனா பணம் உண்டா, இல்லையா?" பதிலை வாய் வார்த்தையாக வாங்க வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள்.